தண்ணீர் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்

சபையோருக்கு வணக்கம்.

சைப்ரஸ் மரம் என்றதும் நமக்கு நுவரெலியாக் குளிர்தான் ஞாபகம் வரும். நான் பேச வந்தது அதே குடும்பத்தில் சேற்றில் வாழும் ஒரு மரத்தைப் பற்றி. அமெரிக்காவின் லூசியானா, புளோரிடா பக்கத்துச் சதுப்பு சைப்ரஸ் அது. ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர்காலத்துக்கு முன் இலைகள் செம்பழுப்பாகி, சிறு கிளைகளோடு சேர்ந்தே கொட்டிவிடும். வட கரோலினாவின் பிளாக் ஆற்றோரம் நிற்கும் ஒன்றுக்கு வயது குறைந்தது 2,624 என்று 2019இல் வெளியான மரவளைய ஆய்வு சொன்னது. அநுராதபுரத்தில் மகாபோதியை நடுவதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே முளைத்த மரம்!

அதன் வேர்களிலிருந்து முழங்கால் போலக் கட்டைகள் எழுந்து நிற்கும். கண்டல் காடு பார்த்தவர்கள் உடனே மூச்சுவேர் என்பார்கள். ஆனால் அந்தக் கட்டைகளை வெட்டிய பிறகும் மரங்கள் நன்றாகவே நிற்கின்றன.

என்னை உலுக்கியது அதன் விதை. காய் நெல்லிக்காய் அளவு உருண்டை. உடைத்தால் வாசனைப் பிசின் விரலில் ஒட்டும். விதை தண்ணீரில் மிதந்து போகும், ஆனால் தண்ணீருக்கடியில் முளைக்காது. வெள்ளம் வடிந்து ஈரமண் வெளியே தெரியவேண்டும். அடுத்த வெள்ளம் வருவதற்குள் கன்று நுனியை மேலே நீட்டுமளவு வளர்ந்துவிட வேண்டும். நெடுநாள் முழுக்க மூழ்கினால் செத்துவிடும். அதனால், தண்ணீரை வருடம் முழுவதும் தேக்கிவைத்த இடத்தில் பெரிய மரங்கள் பச்சையாக நிற்கும், கீழே ஒரு கன்றுகூட இராது. வாரிசில்லாத காடு அது.

மெக்சிகோவில் தூலே என்ற ஊரில் நிற்கும் புகழ்பெற்ற பெருமரம் இந்தச் சதுப்பு சைப்ரஸுக்கு நெருங்கிய சொந்தம். வியட்நாமில் இன்னொரு உறவு மரம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அங்கே சதுப்பை வடித்துக் கோப்பி நட்டார்கள்.

சரி, கொழும்புக்கு வருவோம். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் இது. இங்கே சைப்ரஸ் நடச் சொல்லவில்லை. புளோரிடாச் சதுப்பிலும் வளரும் அன்னமுன்னா இனத்து மரமொன்று ஏற்கெனவே நம் ஈரநிலங்களில் பரவிக் கிடப்பது போதும். மண் போட்டு நிரப்பினால் சதுப்பு சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அழகுக்காக ஏரியாக்கி, கரைகட்டித் தண்ணீரை ஒரே மட்டத்தில் நிறுத்தினாலும் அது சாகும். உங்கள் பகுதியில் அப்படியொரு திட்டத்துக்குக் கருத்துக் கேட்டால் தயவுசெய்து எழுந்து கேளுங்கள்: மழையில்லாத மாதங்களில் இங்கே தண்ணீர் எவ்வளவு இறங்கும்?