உட்காராத முகங்கள்

நேயர்களே, வணக்கம். டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் 1904-இல் காந்தி குடியிருப்பு அமைத்த கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே காந்தி 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போனபோது, அவர் தலையைக் களிமண்ணில் வடித்தவர் ஆங்கிலேயச் சிற்பி கிளேர் ஷெரிடன். பிறந்தது 1885. வின்ஸ்டன் சர்ச்சிலுக்குப் பெரியம்மா மகள்.

கைக்குழந்தையைப் பறிகொடுத்த தாய், அதன் கல்லறைக்கு ஒரு தேவதை உருவம் செய்யத்தான் முதலில் மண்ணைத் தொட்டார். 1915-இல் கணவரும் போரில் மாண்டார். பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் கைத்தொழிலே சோறு போட்டது.

1920-இல் மாஸ்கோ போய் லெனின், ட்ராட்ஸ்கி தலைகளை வடித்தார். லெனின் தன் மேசை வேலையை நிறுத்தவில்லை, காந்தியும் அப்படித்தான். அசையாமல் உட்காராதவரை வடிப்பது லேசான காரியமா?

பலகையில் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியிலிருந்து கம்பியில் சிலுவைபோல் கட்டிய சிறு மரத்துண்டுகளை மண்ணுக்குள் தொங்கவிட வேண்டும். ஆளளவுத் தலைக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் மண் பிடிக்கும். அந்தக் கட்டை இல்லாவிட்டால் மண் தன் பாரத்தாலேயே வழுக்கும். மறுநாள் காலையில் மோவாய் மார்பில் கிடக்கும். இரவில் ஈரத்துணி சுற்றாமல் விட்டால், மண் சுருங்கும், இரும்பு சுருங்காது. கன்னத்தில் வெடிப்பு விழும். உறைபனி இன்னும் பொல்லாதது. மண்ணுக்குள் நீர் உறைந்து, உருகும்போது மேற்பரப்பு உதிர்ந்துவிடும். ஆகவே வடித்த கையோடு பிளாஸ்டரில் அச்செடுத்துவிட வேண்டும். முதல் பூச்சு மெல்லியதாக, நீலம் கலந்து. அதன்மேல் வெள்ளையில் தடிப்பாக. உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட்டு, அச்சுக்குள் பிளாஸ்டரை ஊற்றி இறுகவிட வேண்டும். பின்னால் அச்சை உளியால் உடைத்தெடுக்கும்போது நீலம் தென்பட்டால், அடுத்த அடி மூக்கில் விழலாம் என்று அர்த்தம். கோயில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பதற்றம் புரியும்.

ஊர் சுற்றுவதும் எழுதுவதும் அவருக்கு ஒன்றுதான். 1924-இல் தம்பியோடு, பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் ஐரோப்பாவைக் கடந்து ரஷ்யா போனார். மறு ஆண்டே புத்தகம் வந்தது. சகாரா ஓரத்தில் பிஸ்க்ராவிலும் வாழ்ந்தார்.

மகனும் இளம் வயதிலேயே அல்ஜீரியாவில் இறந்தான். அவன் நினைவுக்கு ஓக் மரத்தில் குழந்தையேந்திய மாதாவைச் செதுக்கினார். மண்ணில் தப்பினால் ஒட்டிக்கொள்ளலாம். மரத்தில் சீவியது சீவியதுதான். இங்கிலாந்தின் சஸெக்ஸில் பிரீட் ஊர்த் தேவாலயத்துக்குள் இருக்கிறது அந்த மாதா.