ஜீப்பில் வருபவரின் விரல்

(கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, தங்கைகளே, வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் இலையை எடை போடும்போது பக்கத்திலேயே நின்றேன். தராசில் 32 கிலோ, சீட்டில் 29. கேட்டால், "ஈர இலை அண்ணா, தண்ணிக் கழிவு" என்கிறார் ஏஜெண்ட். அன்று நல்ல வெயில்! சரி, மூன்று கிலோ போகட்டும். கிலோ என்ன விலை என்பதும் அன்றைக்குத் தெரியாது. மாதம் முடிந்துதான் தெரியும். விற்பவனுக்குக் கடைசியில் விலை சொல்கிற சந்தை இது.

இப்படி நிற்கிறவனிடம் ஒரு வேட்பாளர் ஜீப்பில் வந்து "உன்னை ஏமாற்றுகிறார்கள்" என்றால் எப்படி இருக்கும்? எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை. 2022ஆம் ஆண்டு உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி, இந்தியாவின் வருமானத்தில் 57 சதவீதம் மேல்தட்டு 10 சதவீதம் பேருக்குப் போகிறது. கீழ்ப்பாதி ஜனங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 13 சதவீதம்.

மிக்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்று நம்மைச் சிலர் ஏளனம் செய்வார்கள். 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றபோதும் ஏளனம்தான். பசித்தவன் அரிசி கேட்டது தப்பா? அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு.

'மேலே இருப்பவன் உன்னை ஏமாற்றுகிறான், நான் உன் பக்கம்' என்று பேசும் இப்படிப்பட்ட அரசியல்வாதியை ஆங்கிலத்தில் 'பாப்புலிஸ்ட்' என்பார்கள். அந்தப் பெயரே அமெரிக்காவில் நம்மைப் போன்ற விவசாயிகள் நடுவில் பிறந்தது. ரயில் கம்பெனி கேட்டதுதான் சரக்குக் கட்டணம், பேங்க் சொன்னதுதான் வட்டி என்று நொந்தவர்கள் தொடங்கிய மக்கள் கட்சிக்கு, 1892 தேர்தலில் பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அதிகம் சம்பாதிப்பவனுக்கு அதிக வரி போடு, செனட்டரை, அதாவது மேல்சபை உறுப்பினரை, மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். கட்சி கரைந்துபோனது. ஆனால் வருமான வரிக்கும் செனட்டர் தேர்தலுக்கும் 1913இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள்.

அதே கட்சியில் ஜார்ஜியாக்காரர் டாம் வாட்சன் இருந்தார். வெள்ளை ஏழையும் கறுப்பு ஏழையும் சேர்ந்து நில்லுங்கள், உங்களைச் சுரண்டுகிறவன் ஒருவன்தான் என்று ஆரம்பத்தில் பேசியவர். தோற்றுத் தோற்று, பிறகு அதே வாய் கறுப்பர் மீதும் யூதர் மீதும் விஷம் கக்கியது. 1920இல் செனட்டராக ஜெயித்தது இந்த இரண்டாவது வாட்சன்.

நம் மலையிலும் இலை விலை சரிந்தால், ஜார்க்கண்டிலிருந்து இலை பறிக்க வந்தவரைக் காட்ட ஒரு விரல் இருக்கும். கூடலூர் பக்கம் போனால், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைக் காட்டும். இவர்களில் யார் குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை வைத்தார்கள்?

அதனால் ஜீப்பில் வருபவர் கோபமாகவே பேசட்டும். அவர் விரல் மேலே நீள்கிறதா, கீழேயா என்றுதான் பார்க்கிறேன். அப்புறம் ஒரு கேள்வி: கழிவு எவ்வளவு என்று எழுதும் இடத்தில் விவசாயியின் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டசபையில் பேசுவீர்களா? ஒருவரிடம் இதே மாதிரிச் சீட்டு ஒன்றை நீட்டியே கேட்டேன். வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.