குலுங்காத சவாரி, அடிபடும் குளம்பு: ரேவால் குதிரையைத் தார் ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு

[திரை: விடியற்காலை. கடலூர் தேவனாம்பட்டினம் போகும் ரோடு. கேமரா தரையோடு தரையாக, குளம்புகள் மட்டும் தெரிகின்றன.]

வணக்கம். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். டக், டக், டக், டக். நான்கு காலுக்கு நான்கு சத்தம், எல்லா இடைவெளியும் ஒரே அளவு. மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் பலவற்றுக்குப் பிறவியிலேயே வரும் ரேவால் நடை இதுதான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால், நல்ல நடைக் குதிரை வைத்திருப்பவர் முதலில் ஓட்டிக் காட்டுவது இதைத்தான். மேலே இருப்பவர் குலுங்கவே மாட்டார்.

சாதாரண ஓட்டத்தில் குதிரை, முன் இடது காலோடு பின் வலது கால் என்று எதிரெதிர்க் கால்களை ஜோடியாக வைக்கும். நடுவில் ஒரு கணம் நான்கு காலும் அந்தரத்தில் இருக்கும், பிறகு மொத்த உடம்பும் வந்து இறங்கும். ரேவாலில் அந்த அந்தரக் கணம் கிடையாது. எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். அதனால்தான் முதுகு எழும்பி விழுவதில்லை.

இதை வைத்து, "ரேவால் நடைதானே, காலுக்கு ஒன்றும் ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதுகு குலுங்காததும் குளம்பு அடிபடாததும் வேறு வேறு விஷயம்.

[திரை: மெதுவேகக் காட்சி. ஒரே குதிரை, முதலில் ஈர மணலில், பிறகு தாரில்.]

மணலில் குளம்பு லேசாகச் சறுக்கி, கொஞ்சம் புதைந்து, அப்புறம்தான் நிற்கிறது. தாரில் பாருங்கள், தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த அதிர்ச்சி குளம்புச் சுவர் வழியாக எலும்புக்கும் மூட்டுக்கும் ஏறுகிறது. இரும்பு லாடம் இருந்தால் இன்னும் அதிகம். சும்மா நிற்கும்போதே உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன, ஆகவே முதலில் கெடுவதும் அவைதான். ஓட்டத்தில் போகும் குதிரையில் பத்து நிமிடத்தில் சவாரி செய்பவருக்கே இடுப்பு வலித்து, வேகத்தைக் குறைத்துவிடுவார். ரேவாலில் அந்த எச்சரிக்கை நம் உடம்புக்கு வருவதே இல்லை. ஒரு மணி நேரம் ஈசிஆரில் ஓட்டிவிட்டு நாம் அலுங்காமல் இறங்குவோம், குதிரையின் கால் கொதித்துக்கொண்டிருக்கும்.

[திரை: குளம்பைத் தூக்கி அடிப்பக்கம் காட்டுகிறார்கள்.]

குளம்பின் நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி இருக்கிறதே, அதுவும் அதற்கு மேலே உள்ளே இருக்கும் மெத்தை போன்ற திசுவும்தான் குதிரையின் இயற்கையான ஷாக் அப்சார்பர். கால் ஊன்றும்போது குதிப்பக்கம், அதாவது குளம்பின் பின்பகுதி, கொஞ்சம் விரியும், தூக்கும்போது சுருங்கும். ரத்த ஓட்டத்துக்கும் இந்த அசைவு உதவுகிறது. லாட ஆணியைக் குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் அடித்தால் குதி விரிய முடியாது. ஆகவே ஆணி முன்பாதியோடு நிற்க வேண்டும். லாடம் அடிப்பவரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். லாடம் தேயாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். "விழும்போது பார்த்துக்கலாம்" என்று விட்டால் முன்பக்கம் நீண்டு, காலின் பின்பக்கத் தசைநாண் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடும். தார் வழுக்குகிறது என்று லாடத்தில் பெரிய குமிழ் ஆணி வைப்பதும் சிக்கல்தான். பிடிப்பு ரொம்ப அதிகமானால் குளம்பு சடாரென்று நிற்கும், திருப்பத்தில் மூட்டு முறுகும். லாடத்துக்கு அடியில் ரப்பர் பேட் வைத்தால் அதிர்ச்சி குறையும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமும் மணலும் உள்ளே தங்கி, அந்த முக்கோணப் பகுதி கறுத்து அழுகி நாற்றமடிக்கும். மழைக்காலத்தில் பேட் வேண்டாம்.

கல்யாண ஊர்வலங்களில் சிமெண்ட் தெருவில் "சத்தம் கேக்கணும்" என்று குதிரையைத் தட்டித் தட்டி நடக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தம் அவ்வளவும் காலில் விழும் அடி. அமெரிக்காவில் டென்னசி வாக்கிங் குதிரைகள் காலை உயரத் தூக்க வேண்டும் என்பதற்காக, கணுக்காலில் ரசாயனம் தடவிப் புண்ணாக்கும் கொடுமையைத் தடுக்க 1970ல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அழகுக்காக நடையை மிகைப்படுத்தும் பழக்கம் அங்கே போய்த்தான் முடிந்தது. நம் ஊரில் முள் வைத்த கடிவாளம் இன்னும் புழங்குகிறது. சுமை, வண்டி விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அது தடை. வாயில் வலி இருக்கும் குதிரை தலையைத் தூக்கி, முதுகை விறைத்து, நடையையே கெடுத்துக்கொள்ளும்.

[திரை: அளவு நாடா. தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை.]

அடுத்து எடை. நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். அதை உடல் நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 170, நீளம் 150 என்றால் கிட்டத்தட்ட 365 கிலோ. சேணத்தோடு சேர்த்து அதில் 20 சதவீதம், அதாவது 73 கிலோதான் உச்சவரம்பு. சேணம் பத்து கிலோ என்றால் ஆள் 63. கடினத் தரையில் ஓட்டுவதானால் இதற்கும் கீழேயே நிறுத்துவது நல்லது.

எங்கே ஓட்டுவது? ஈர மணல்தான் முதல் தேர்வு, ஆனால் எந்த மணல் என்று பாருங்கள். அலை வந்து திரும்பிய இடத்தில் குளம்புத் தடம் ஓரிரு சென்டிமீட்டர் பதிந்தால் சரி. உலர்ந்த மணலில் கால் புதையப் புதைய ஓட்டினால் தசைநாண் கிழியும். தாருக்குப் பயந்து இதில் போய் மாட்டுபவர்கள் உண்டு. கரை சரிவாக இருக்கும். வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம் என்றால், அதே பாதையில் அதே தூரம் திரும்புங்கள், இரண்டு பக்கக் காலும் சமமாகச் சுமக்கும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதை மழைக்குப் பின் அருமை. சித்திரையில் அதே மண் இறுகி, தாருக்குச் சமமாகிவிடும்.

தாரில் போயே ஆக வேண்டுமென்றால் நடக்க விடுங்கள். முதல் பத்து நிமிடம் வெறும் நடை, பிறகு இரண்டு நிமிட ரேவால், ஐந்து நிமிட நடை என்று மாற்றி மாற்றி. நான்கு சத்தம் குலைந்து, ஒரே பக்கக் கால்கள் ஜோடியாக விழ ஆரம்பித்தால் குதிரை களைத்துவிட்டது, அத்தோடு நிறுத்துங்கள். வெயிலில் தார் 60 டிகிரியைத் தொடும். சுமை, வண்டிக் குதிரைகளை 37 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடத்தில் மதியம் 12 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாது என்று அதே 1965 விதிகள் சொல்கின்றன. சவாரிக்கும் அதையே வையுங்கள்.

[திரை: கணுக்காலின் பின்பக்கம், இரண்டு விரல்கள்.]

வீடு வந்ததும் கணுக்காலின் பின்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து நாடி பாருங்கள். நல்ல காலில் அது தேடித்தான் கிடைக்கும். துள்ளித் துள்ளி அடித்தால், குளம்பும் சூடாக இருந்தால், முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால், குளம்பு அழற்சி என்று சந்தேகப்படுங்கள். நடக்க வைக்காதீர்கள், வண்டியிலேற்றி அலைக்கவும் வேண்டாம். மெத்தென்ற மணலில் நிறுத்தி, கணுக்காலுக்கு மேல் வரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள், உருக உருக ஐஸ் போடுங்கள். தானியத்தை நிறுத்திவிட்டு டாக்டரை வரவழையுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேட்கலாம். கடைசியாக எப்போது லாடம் அடித்தது, எந்தத் தரையில் எவ்வளவு நேரம் ஓட்டியது, தீவனம் எதுவும் மாறியதா, இந்த மூன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.