ஹார்ட் டிஸ்க் சாகவில்லை, அதைப் பட்டினி போடுவது உங்கள் கேபிள்!

[ஒலி: டிக்... டிக்... அமைதி... மறுபடியும் டிக்]

இந்தச் சத்தத்தை நன்றாகக் கேளுங்கள். ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சின்னக் கணினிப் பலகையில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியிருக்கிறேன். விளக்கு எரிகிறது, டிஸ்க் திரையில் தெரிகிறது. ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும் மாயமாகிவிடுகிறது.

"டிஸ்க் போய்விட்டது" என்று முடிவுகட்டி அதைத் தூக்கி எறிந்தவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து எறியாதீர்கள், ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். முதலில் அதே டிஸ்க்கை ஒரு மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால், அதற்கு நோய் இல்லை, பசிதான்.

[திரையில்: சுழலும் தட்டு]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லியாம்பியர், யுஎஸ்பி 3 போர்ட் 900. ஆனால் இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் ஏறக்குறைய 1 ஆம்பியர் கேட்கும். குழந்தைகள் நிறைந்த ராட்டினத்தைத் தள்ளியவர்களுக்குத் தெரியும்: முதல் தள்ளலுக்குத்தான் முழு பலமும் வேண்டும், பிறகு அது தானே ஓடும். அந்த முதல் தள்ளலுக்கு மின்சாரம் போதாமல் டிஸ்க் முயன்று, தோற்று, மறுபடி முயல்கிறது. நீங்கள் கேட்ட 'டிக்' அதுதான். ராஸ்பெர்ரி பை 4-இல் நான்கு போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

[திரையில்: இரண்டு சார்ஜர் கேபிள்கள்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சார்ஜரிலிருந்து பலகைக்கு மின்சாரம் கொண்டுவரும் இந்த இரண்டு கேபிள்களும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. உள்ளே இருக்கும் செம்புக் கம்பியோ வேறு: ஒன்றில் மெல்லியது, மற்றதில் தடித்தது. மெல்லியதன் உறையில் 28 ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருக்கிறது. ஏடபிள்யூஜி என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் அளவுமுறை. இந்த அளவில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28 என்றால் வெறும் 0.32 மில்லிமீட்டர். ஒரு மீட்டருக்கு அதன் மின்தடை சுமார் 0.21 ஓம். மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி, ஆக 0.43 ஓம். பலகையும் டிஸ்க்கும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே 0.85 வோல்ட் தொலைந்துவிடும்! சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கிளம்புகிறது, பலகைக்கு வந்து சேர்வது 4.15. ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே மின்னழுத்தம் போதவில்லை என்று எச்சரிக்கும்.

தடித்த கேபிள் 20 ஏடபிள்யூஜி. அதே நீளம், அதே 2 ஆம்பியர். இழப்பு 0.13 வோல்ட் மட்டுமே. சார்ஜரை மாற்றவில்லை, டிஸ்க்கை மாற்றவில்லை. கம்பியின் தடிமன் ஒன்றுதான் மாறியது. ராஸ்பெர்ரி பையின் அதிகாரப்பூர்வ சார்ஜர் 5.1 வோல்ட் தருவதும், கேபிளைக் கழற்ற முடியாதபடி சேர்த்தே வருவதும் இந்த இழப்பை மனத்தில் வைத்துத்தான். அப்படி வடிவமைத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

"இதே கேபிளில் என் கைபேசி நன்றாகத்தானே சார்ஜ் ஆகிறது?" ஆகும். கைபேசிக்குள் பேட்டரி இருக்கிறது. குறைவாக வந்தால் மெதுவாக நிரம்பும், அவ்வளவுதான். பலகைக்கு அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. நொடிப்பொழுது குறைந்தாலும் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துவிடும்.

[திரையில்: 65 வாட் மடிக்கணினி சார்ஜர்]

இன்னொரு வியப்பு. ராஸ்பெர்ரி பை 5 முழு பலத்துடன் இயங்க 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். 65 வாட் சார்ஜர் தாராளம் என்று நினைப்போம். ஆனால் அத்தகைய சார்ஜர் அந்த 65 வாட்டையும் பெரும்பாலும் 20 வோல்ட்டில்தான் தருகிறது. 5 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அதைக் கண்டதும் பலகை தன் யுஎஸ்பி போர்ட்டுகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர் என்று கட்டுப்படுத்திவிடும். சரியான 27 வாட் சார்ஜர் இருந்தால் 1.6 ஆம்பியர் கிடைக்கும். பெட்டியில் எழுதிய வாட் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

[திரையில்: டெர்மினல் கட்டளை: vcgencmd get_throttled]

சோதிக்க, இந்தக் கட்டளையைத் தட்டுங்கள். பூஜ்யம் வந்தால் நலம். 50000 என்று முடிந்தால் இடையில் எப்போதோ மின்னழுத்தம் விழுந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் விழுந்தே கிடக்கிறது. டிஸ்க் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தட்டிப் பாருங்கள்.

தீர்வு? குட்டையான, தடித்த கேபிள். அதுவும் போதாவிட்டால் தனி மின்சாரம் கொண்ட யுஎஸ்பி ஹப். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. அதற்கான தனி அடாப்டர் இல்லாமல் முயலவே வேண்டாம்.

உங்களுக்கு என்ன எண் வந்தது, கேபிள் எத்தனை மீட்டர் என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன். பூஜ்யம் வந்த பிறகும் டிஸ்க் துண்டிக்கப்படுகிறது என்றால், டிஸ்க்கின் உறைக்குள் இருக்கும் யுஎஸ்பி சிப்பைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்த வீடியோவில் ஓர் உறையைத் திறந்தே காட்டுகிறேன்.