ஸ்ட்ரே கேட்ஸ் முதல் ஆல்பம்: மூணு பேர் வாசிக்கறாங்க, நாலாவது ஆள் யாரு?

[திரை: சுழலும் எல்பி ரிக்கார்டு. முள் இறங்குது.]

ராக்கபிலி, அதாவது 1950-கள்ல ராக் அண்ட் ரோலும் கன்ட்ரி இசையும் கலந்து பிறந்த பாணி. அதுல ஒரு ஆல்பம்னா எப்படி ஒலிக்கணும்னு யாராவது கேட்டா, நாங்க முதல்ல கையில எடுக்கறது ஸ்ட்ரே கேட்ஸ் குழுவோட முதல் ஆல்பத்தைத்தான். ஆல்பத்துக்கும் குழுவோட பேரேதான். 1981 பிப்ரவரியில பிரிட்டன்ல அரிஸ்டா லேபிள் வெளியிட்டது. மொத்தம் 12 பாட்டு.

வாசிச்சது மூணே பேர். கிட்டாரும் பாட்டும் பிரையன் செட்சர், டபுள் பாஸ் (நிக்க வெச்சு வாசிக்கற ஆளுயர பாஸ்) லீ ராக்கர், ட்ரம்ஸ் ஸ்லிம் ஜிம் ஃபேன்டம். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட், மாசபீக்வா ஊர்ப் பசங்க. 1980 கோடையில லண்டனுக்குக் கப்பலேறாத குறையா கிளம்பிட்டாங்க. அங்கேதான் டெடி பாய்ஸ்ங்கற, பழைய ராக் அண்ட் ரோல் மேல பைத்தியமான ரசிகர் கூட்டம் 1950-கள் இசையை இன்னும் கைவிடாம வெச்சிருந்தது. அதே வருஷம் நவம்பர்ல வந்த "ரன்அவே பாய்ஸ்" சிங்கிள் பிரிட்டன் சார்ட்ல 9-ஆம் இடம். அடுத்து "ராக் திஸ் டவுன்", அதுவும் 9. "ஸ்ட்ரே கேட் ஸ்ட்ரட்" 11. ஆல்பம் 6-ஆம் இடம் வரைக்கும் போச்சு.

சார்ட் கணக்கு இருக்கட்டும். மூணு பேர் வாசிச்சும் ஏன் எங்கேயும் காலியாத் தெரியலைங்கறதுதான் நம்ம கேள்வி.

[திரை: டபுள் பாஸ், வலது கை மட்டும் நெருக்கத்துல.]

முதல்ல பாஸ். 1954-ல மெம்ஃபிஸ் சன் ஸ்டூடியோவுல எல்விஸ் பிரெஸ்லி பதிவு பண்ண முதல் சிங்கிள்ல ட்ரம்ஸே கிடையாது. பில் பிளாக்கோட டபுள் பாஸ்தான் தாளத்தையும் சேர்த்துச் சுமந்தது. அந்த வேலையைத்தான் லீ ராக்கர் பண்றார். கையைப் பாருங்க. விரலைக் கொக்கி மாதிரி மாட்டி தந்தியை வெளிப்பக்கமா இழுத்து விடறார். தந்தி ஃபிங்கர்போர்டுல (தந்திக்கு அடியில விரல் வைக்கற பலகை) போய் மோதுது: அது ஸ்வரம். அடுத்த நொடியே உள்ளங்கையால தந்தி எல்லாத்தையும் பலகையோட சேர்த்துத் தட்டறார்: அது வெறும் "டக்". இழுப்பு, தட்டு, இழுப்பு, தட்டுன்னு வந்தா ஒற்றை ஸ்லாப். ஒரு இழுப்புக்கு ரெண்டு தட்டு வந்தா குதிரை ஓட்டம் மாதிரி ஆயிடும். ஒரே ஆள்கிட்ட இருந்து பாஸும் வருது, தாளமும் வருது.

இதுல சொதப்பற இடம் எதுன்னா, தந்தி உயரம். ரொம்பத் தாழ்வா இருந்தா ஸ்வரம் கரகரக்கும். ரொம்ப உயரமா இருந்தா ரெண்டு பாட்டுலயே விரல் கொப்பளிச்சுடும். இன்னொண்ணு பிக்கப், அதாவது தந்தி அதிர்வைப் பிடிச்சு ஆம்ப்புக்கு அனுப்பற கருவி. தந்தியைத் தாங்கற பிரிட்ஜ்ல ஒண்ணே ஒண்ணு மாட்டினா ஸ்வரம் கேட்கும், "டக்" காணாமப் போயிடும். ஃபிங்கர்போர்டு முனையில இன்னொண்ணு வெச்சு, ரெண்டோட அளவையும் தனித்தனியா ஏத்தி இறக்கணும். மேடையில பாஸ் உடம்பே ஊளையிட ஆரம்பிச்சா, முன்பக்கம் இருக்கற ரெண்டு துளையிலயும் ஸ்பாஞ்ச் அடைச்சுப் பாருங்க, பெரும்பாலும் அடங்கிடும்.

ட்ரம்ஸ் பத்திச் சொல்ல அதிகமில்லை. ஒரு பாஸ் ட்ரம், ஒரு ஸ்நேர், ஒண்ணு ரெண்டு சிம்பல். நின்னுக்கிட்டே அடிக்கறார். உருட்டறதுக்கு டாம் ட்ரம்ஸ் இல்லாததால ஸ்நேருக்கும் பாஸோட தட்டுக்கும் நடுவுல ஒண்ணுமே குறுக்க வராது.

[திரை: ஆரஞ்சு நிற கிரெட்ச் கிட்டார், பக்கத்துல டேப் எக்கோ பெட்டி.]

இப்போ அந்த நாலாவது ஆள். அது ஆள் இல்லை, எக்கோ. ஸ்லாப்பேக்னு சொல்லுவாங்க. 1950-கள்ல சாம் ஃபிலிப்ஸ் சன் ஸ்டூடியோவுல ரெண்டு ஆம்பெக்ஸ் டேப் மெஷின் வெச்சு இதைப் பண்ணினார். பாடறதையும் வாசிக்கறதையும் ஒரு மெஷின் பதியும். அதே ஒலி இன்னொரு மெஷினுக்கும் போகும். அந்த மெஷின்ல பதியற ஹெட் முன்னால, கேட்கற ஹெட் கொஞ்சம் தள்ளி. அந்த இடைவெளியை டேப் கடக்கற நேரம்தான் எக்கோவோட தாமதம். இடைவெளி 2 இஞ்ச், டேப் வேகம் நொடிக்கு 15 இஞ்ச்னு வெச்சுக்குங்க: 2-ஐ 15-ஆல வகுத்தா 0.133 நொடி, அதாவது 133 மில்லிசெகண்ட். அதே டேப்பை நொடிக்கு 7.5 இஞ்ச்ல ஓட்டினா 267. அது ராக்கபிலி இல்லை, மலையில கூப்பிட்ட மாதிரி ஆயிடும்.

செட்சர்னாலே நினைவுக்கு வர்றது 1959 மாடல் கிரெட்ச் 6120, ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப், ரோலண்ட் டேப் எக்கோ. வீட்டுல இந்த ஒலி வேணும்னா டிலே பெடலை (எக்கோ உண்டாக்கற கால்பெட்டி) 110-லிருந்து 130 மில்லிசெகண்டுக்குள்ள வையுங்க. திரும்ப வர்றது ஒரே ஒரு தடவைதான். எக்கோ எத்தனை தடவை திரும்பணும்னு தீர்மானிக்கற ஃபீட்பேக் பட்டனை அடிவரைக்கும் இறக்கிடுங்க. எக்கோ சத்தம் அசல் ஸ்வரத்தைவிடக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், அதோட ட்ரெபிளையும் குறைங்க.

பலரும் தப்பு பண்றது டிஸ்டார்ஷன்ல, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கறதுல. ஆம்பை ரொம்ப முறுக்கினா, மெதுவா மீட்டின ஸ்வரமும் ஓங்கி மீட்டின ஸ்வரமும் ஒரே சத்தத்துல வரும். பின்னால வர்ற எக்கோவுக்கு ஒளிஞ்சுக்க இடமே இருக்காது, எல்லாம் கூழாயிடும். கிட்டார் ஒலி சுத்தத்துக்கும் கரகரப்புக்கும் நடுவுல நிக்கணும்.

"ஸ்ட்ரே கேட் ஸ்ட்ரட்" இதுக்கு நல்ல பாடம். சி மைனர், பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், ஜி செவன். நாலு கார்டு படி இறங்கற மாதிரி இறங்குது, திரும்பத் திரும்ப அதேதான். கார்டை வெட்டி வெட்டி வாசிக்கறதால நடுவுல காத்து வருது, அந்தக் காத்துலதான் எக்கோ உட்காருது.

[திரை: ஆல்பத்தோட பின் அட்டை.]

இந்த ஆல்பத்தோட முக்கியமான பாட்டுகளைத் தயாரிச்சவர் வேல்ஸ்காரர் டேவ் எட்மண்ட்ஸ். 1970-ல அவரே பாடி பிரிட்டன்ல முதலிடம் பிடிச்சவர், பழைய ராக் அண்ட் ரோல் ஒலி அத்துப்படி. பழைய பாட்டுகளும் ஆல்பத்துல உண்டு. எடி காக்ரன், ஜீன் வின்சென்ட் பாடினதை எடுத்திருக்காங்க. அதனால "இது வெறும் நகல், தலைமுடியும் டாட்டூவும்தான் புதுசு"ன்னு அப்பவே குறை சொன்னவங்க இருந்தாங்க. அந்தக் குறை நியாயமில்லைங்கறது எங்க கருத்து. "ஸ்டார்ம் தி எம்பஸி" ஈரான் தலைநகர் டெஹ்ரான்ல அமெரிக்கத் தூதரகத்துல இருந்தவங்களைப் பணயக்கைதியா பிடிச்சு வெச்ச விவகாரத்தைப் பத்தின பாட்டு. அந்தக் கைதிகள் விடுதலையானது 1981 ஜனவரி 20, ஆல்பம் வந்தது அடுத்த மாசம். அன்னிக்குச் செய்தித்தாள்ல இருந்த விஷயத்தைப் பாடினவங்களை எப்படி நகல்னு சொல்றது?

அடுத்த ஆல்பம் "கோனா பால்", அதே 1981 நவம்பர். எட்மண்ட்ஸ் இல்லை. லீ ஆலனோட சாக்ஸஃபோன், இயன் ஸ்டீவர்ட்டோட பியானோ எல்லாம் வந்து சேர்ந்தது. ரெண்டு பேருமே பெரிய கைகாரங்க. ஆனா முதல் ஆல்பத்துல எக்கோ உட்கார்ந்த இடத்துல இப்போ வாத்தியம் உட்கார்ந்துடுச்சு. பிரிட்டன்ல 48-ஆம் இடத்தோட நின்னுபோச்சு.

அமெரிக்காவுல கதையே வேற. 1982 ஜூன்ல இஎம்ஐ அமெரிக்கா "பில்ட் ஃபார் ஸ்பீட்" வெளியிட்டது. புது ஆல்பம் இல்லை: முதல் ஆல்பத்துலிருந்து 6, ரெண்டாவதுலிருந்து 5, புதுசா 1. பில்போர்டுல 15 வாரம் 2-ஆம் இடம். முதலிடத்தை விடாம பிடிச்சிருந்தது ஆஸ்திரேலியாவோட மென் அட் வொர்க். 1981 ஆகஸ்ட்ல தொடங்கின எம்டிவி, பாட்டு வீடியோ ஓட்டற டிவி சேனல். அதுக்கு ஓட்டறதுக்கு வீடியோ பத்தலை. இவங்ககிட்ட பிரிட்டன் சிங்கிள்களுக்கு எடுத்த வீடியோ தயாரா இருந்தது. "ராக் திஸ் டவுன்" அமெரிக்காவுல 9, "ஸ்ட்ரே கேட் ஸ்ட்ரட்" 3. ரெண்டுமே முதல் ஆல்பத்துப் பாட்டுங்கறதைக் கவனிங்க. 1983-ல அடுத்த ஆல்பத்துக்கு எட்மண்ட்ஸைத் திரும்பக் கூப்பிட்டாங்க.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு. "பில்ட் ஃபார் ஸ்பீட்" மட்டும் வெச்சிருந்தா முதல் ஆல்பத்துல பாதி உங்ககிட்ட இல்லை. "ஸ்டார்ம் தி எம்பஸி", "ஃபிஷ்நெட் ஸ்டாக்கிங்ஸ்", "உபாங்கி ஸ்டாம்ப்" மூணும் அதுல கிடையாது. பிரிட்டிஷ் ஆல்பத்தைத் தேடி எடுங்க. முதல் தடவை ஸ்பீக்கர்ல வேண்டாம், ஹெட்போன்ல, பாஸோட அந்த "டக்"கை மட்டும் பிடிச்சுக்கிட்டு கேளுங்க.