அந்த அழைப்புகள் எந்தக் கணக்கில் போயின?

வணக்கம் நேயர்களே. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் கடை வைத்திருக்கும் பலர் இந்த நேரத்தில்தான் வானொலியைத் திருப்புவார்கள் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சொன்னார். நாள் முழுக்கக் கடையில் நின்று களைத்திருப்பீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன். பிசினஸ் ரேட்ஸ், அதாவது கடைக் கட்டடத்துக்கு நாம் கட்டும் வரி விஷயத்தில், உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் பிழை விட்டால் அதைத் தட்டிக்கேட்பது யார்? கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். நீங்கள் பிரிக்காமல் லாச்சிக்குள் போட்டுவைக்கும் கவுன்சில் கடிதங்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். உங்கள் கடையின் ரேட்டபிள் வேல்யூவைத் தீர்மானிப்பது கவுன்சில் அல்ல. அது மத்திய அரசின் மதிப்பீட்டு அலுவலர்களுடைய வேலை. குறிப்பிட்ட ஒரு தேதியில் அந்தக் கடையைச் சந்தையில் வாடகைக்கு விட்டிருந்தால் ஆண்டுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அவர்கள் கணிக்கும் தொகை அது. 2023 பட்டியலுக்கு அந்தத் தேதி 2021 ஏப்ரல் 1. 2026 பட்டியலுக்கு 2024 ஏப்ரல் 1. அந்தத் தொகையில் பவுணுக்கு எத்தனை பென்ஸ் வரி என்பதையும் மத்திய அரசுதான் சொல்கிறது. 2025-26இல் சிறிய கடைகளுக்கு அது 49.9 பென்ஸ். மதிப்பு அதிகம் என்று நினைத்தால் மதிப்பீட்டு அலுவலர்களிடம்தான் ஆட்சேபிக்க வேண்டும், அதற்கு மேல் தீர்ப்பாயம் இருக்கிறது. கவுன்சிலரைப் பிடித்துப் பயனில்லை. பில் அனுப்புவது, சலுகை கொடுப்பது, வசூலிப்பது, கட்டாதவரை மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைப்பது ஆகியவைதான் கவுன்சிலின் பங்கு. பிழை வந்தால் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

என்னிடம் வந்த ஒரு பலசரக்குக் கடைக்காரரின் விவகாரத்தைச் சொல்கிறேன். எந்தக் கவுன்சில் என்பது நமக்குள் வேண்டாம். கடையின் ரேட்டபிள் வேல்யூ 11,500 பவுண். ஒரே ஒரு கடை, அதுவும் 12,000க்குள் என்றால் சிறுவணிகச் சலுகையில் ஒரு பென்னியும் கட்டத் தேவையில்லை. அவருக்கு முன்பு அங்கே கடை நடத்தியவரும் கட்டியதில்லை. ஆனால் கடை கைமாறினால் சலுகை தானாகத் தொடராது. புதியவர் தன் பெயரில் கேட்டு வாங்க வேண்டும். கேட்டார். ஆனாலும் எந்தச் சலுகையும் கழிக்காமல் 5,738 பவுண் 50 பென்ஸுக்கு பில் வந்தது. கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தார். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, பில்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஒரு பெண் அன்பாகச் சொன்னார். இவரும் கவலைப்படவில்லை. நினைவூட்டல் கடிதம் வந்தது. மறுபடியும் எடுத்தார், இந்த முறை வேறு குரல், அதே பதில். நினைவூட்டல் வந்த ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால் தவணை வசதி போய்விடும், ஆண்டுத் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கலாம் என்பதை இரண்டு குரல்களும் சொல்லவில்லை. அடுத்து வந்தது சம்மன், அதற்கான செலவும் சேர்த்து.

கடைசியில் பார்த்தால் அவருடைய விண்ணப்பம் பழைய உரிமையாளரின் கணக்கு எண்ணில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சம்மனைத் திரும்பப் பெற்றார்கள், பில் பூச்சியமானது. மன்னிப்புக் கடிதம் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எனக்கு உறுத்தியது அதற்குப் பிறகு கண்டது. அவருடைய கணக்கின் பதிவுகளைக் கேட்டு வாங்கினோம். அவர் எடுத்த ஒவ்வொரு அழைப்பும் ‘விசாரணை’ என்று பதிவாகியிருந்தது, ஒன்றுகூட முறைப்பாடு என்று இல்லை. அந்தக் கவுன்சிலின் ஆண்டு முறைப்பாட்டு அறிக்கையில் ரேட்ஸ் பிரிவைப் பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய முறைப்பாடுகள்தான், அவற்றுக்கும் பெரும்பாலும் உரிய நாளுக்குள் பதில். ரேட்ஸ் வசூல் அறிக்கை என்று இன்னொன்று தனியாக இருந்தது. அதில் வசூல் விகிதம் அமோகம். இரண்டு அறிக்கையும் ஒரே குழுவின் முன் வைக்கப்படுகின்றன. இரண்டிலும் நம் கடைக்காரர் இல்லை.

அந்தக் குழுதான் ஸ்க்ரூட்டினி குழு. 2000ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் தலைவரும் சிறு அமைச்சரவையும் முடிவெடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, அவர்களைக் கேள்வி கேட்க இதையும் உண்டாக்கியது. அமைச்சரவை உறுப்பினர் இதில் உட்கார முடியாது. அதிகாரிகளையும் அமைச்சரவை உறுப்பினர்களையும் அழைத்துப் பதில் கேட்கலாம். எடுத்த முடிவு நடைமுறைக்கு வரும் முன் திருப்பிக் கேட்கலாம். பரிந்துரை செய்தால் அமைச்சரவை இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தானாக முடிவை மாற்றும் அதிகாரம் மட்டும் இல்லை. அதனால் பல்லில்லாத குழு என்று சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன். கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்டால் என்னவாகும் என்பதைத் தென் லண்டனின் குரோய்டன் கவுன்சில் காட்டியது. 2020 அக்டோபரில் வந்த தணிக்கையாளர் அறிக்கை, நிதிநிலை எவ்வளவு மோசம் என்பதை ஒட்டுமொத்தக் கவுன்சிலும் காணாமலே இருந்தது என்று எழுதியது. அடுத்த மாதமே வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்ற 114ஆம் பிரிவு அறிவித்தல் வந்தது.

வசூலைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2013 முதல் ரேட்ஸில் ஒரு பங்கைக் கவுன்சில்களே வைத்துக்கொள்கின்றன. நூலகம் திறந்திருப்பதற்கும் குப்பை வண்டி ஓடுவதற்கும் அதுவும் வேண்டும். ஆனால் வசூலித்தது எவ்வளவு என்று மட்டும் கேட்கும் குழுவுக்கு, வசூலிக்கவே கூடாதவரிடம் எத்தனை முறை கை நீட்டினோம் என்பது தெரியாது. அனுப்பிய சம்மன்களில் எத்தனை பிறகு திரும்பப் பெறப்பட்டன? நான் வாங்கிப் பார்த்த எந்த அறிக்கையிலும் இந்த ஒரு எண் இல்லை. அலுவலகத்தில் அது இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் அந்தச் செலவை யாரோ கணக்கிலிருந்து கழித்திருக்கிறார்கள்.

கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் 2024 பெப்ரவரியில் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்காக வெளியிட்ட முறைப்பாட்டு விதிக்கோவை இங்கே உதவுகிறது. அதிருப்தியை எப்படித் தெரிவித்தாலும் அது முறைப்பாடுதான், அந்தச் சொல்லையே நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்கிறது. பெற்றுக்கொண்டதை ஐந்து வேலைநாளுக்குள் அறிவிக்க வேண்டும், அதிலிருந்து பத்து வேலைநாளுக்குள் பதில். திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டம், அதற்கு இருபது வேலைநாள். ஆண்டுதோறும் முறைப்பாடுகளைப் பற்றி அறிக்கை எழுதி உறுப்பினர்களின் கேள்விக்கு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சொல்லைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், நீங்கள் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் பேசிய அன்றே, “இது முதற்கட்ட முறைப்பாடு” என்று இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். சம்மன் வந்த பிறகு தாமதிக்காதீர்கள். நீங்கள் கட்டத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் பொறுப்பாணை கொடுத்துவிட்டால் ஒம்புட்ஸ்மன் பெரும்பாலும் அதற்குள் கைவைக்க மாட்டார். மற்றபடி, விஷயம் தெரியவந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அவரிடம் போகலாம்.

குழுக் கூட்டங்களுக்கும் ஒருதரம் போய்ப் பாருங்கள். நிகழ்ச்சி நிரல் குறைந்தது ஐந்து முழு வேலைநாளுக்கு முன்பே வெளியாக வேண்டும். பொதுமக்கள் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். பொதுமக்கள் கேள்வி கேட்க இடம் உண்டா, எத்தனை நாள் முன்னதாக எழுதித் தர வேண்டும் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வர்த்தகர் சங்கத்தின் பெயரில் ஒருவர் எழுதிக் கொடுத்தாலே போதும்: கடந்த ஆண்டு ரேட்ஸுக்காக அனுப்பிய சம்மன்கள் எத்தனை, அவற்றில் திரும்பப் பெற்றவை எத்தனை, அப்படித் திரும்பப் பெற்றவற்றில் முறைப்பாடாகப் பதிவானவை எத்தனை?

நன்றி, வணக்கம்.