மாடு வந்து நிற்கும் கல்லூரி

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை "டாக்டருக்குப் படிக்க வை" என்பார்கள். சி.எம்.சி. இருக்கிற ஊர் இல்லையா, டாக்டர் என்றாலே மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். மாட்டு டாக்டர் என்றால் முகம் கொஞ்சம் சுருங்கும். நான் இந்த வடாற்காட்டு மண்ணில் முப்பது வருஷம் மாட்டு டாக்டராக இருந்தவன். அந்தப் படிப்பை முதல் விருப்பமாகவே எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

"எந்தக் காலேஜ் சார் முதலிடம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பழமை என்று பார்த்தால் 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி. அடுத்தது 1985-இல் வந்த நாமக்கல். அப்புறம் திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலை, தேனி. எல்லாமே 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கீழே வருபவை. ஒரே பாடத்திட்டம், ஒரே பட்டம். ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை வருஷம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும்தான் நீட். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு; இது தெரியாமலே பல கிராமத்துப் பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

சரி, பட்டம் ஒன்றே என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம், அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு கிராமம். இரவு பதினொரு மணி. தலைச்சன் ஈற்றுக் கிடேரி, கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்திருக்க, தலை மட்டும் உள்ளே பின்பக்கமாக மடங்கியிருந்தது. லாந்தர் வெளிச்சத்தில் தரையோடு தரையாகப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டேன். கன்றின் மூக்கு விரல் நுனியில் படும். பிடிப்பதற்குள் மாடு முக்கும். கை நசுங்கி மரத்துப்போகும். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, "முக்கும்போது தள்ளாதீங்க சார். அது மூச்சு விடட்டும், அப்ப உள்ளே தள்ளித் தலையைத் திருப்புங்க" என்றார். புத்தகத்தில் நான் படித்த அதே பாடம்! பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். கைக்குத்தான் தெரியவில்லை. தாயைக் காப்பாற்றிவிட்டோம். கன்று பிழைக்கவில்லை.

ஏனென்றால், நான் படித்த காலத்தில் ஒரு மாட்டைச் சுற்றி இருபது பேர் நிற்போம். முன்னால் நிற்பவன் கை மட்டும்தான் நனையும். நான் பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் என் கணக்கில் முன்னணிக் கல்லூரி என்பது, வாசலில் தினமும் மாடும் ஆடும் நாயும் வந்து நிற்கும் கல்லூரி. அவற்றின்மேல் மாணவன் கை படுகிற கல்லூரி. கலந்தாய்வில் விருப்ப வரிசை கொடுப்பதற்கு முன்னால், முடிந்தால் ஒரு நாள் காலையில் அந்தக் கல்லூரி மருத்துவமனை வாசலில் போய் நில்லுங்கள். இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நீயே பார்த்த பிரசவம் எத்தனை? நீயே போட்ட தையல் எத்தனை? நடுராத்திரி கேஸ் வந்தால் உன்னை எழுப்புவார்களா? ஊரும் சேர்ந்துதான் பாடம் நடத்தும். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் ஊர். உடுமலைக்குப் பக்கம் காங்கேயம் மாடுகள். வேப்பேரிக்கு நகரத்து நாய், பூனையெல்லாம் வந்து சேரும். பிள்ளைக்கு எதில் மனசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலம், தனியார் என்று போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அங்கீகாரமில்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு டாக்டராகப் பதிவு செய்ய முடியாது.

வைத்தியம் மட்டும்தான் வேலை என்றும் நினைக்க வேண்டாம். நம் இராணிப்பேட்டையில் 1932-லிருந்து கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. மாடுகளுக்கு வரும் அடைப்பானுக்கும் (ஆந்த்ராக்ஸ்) கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கும் தடுப்பூசி செய்யும் இடம். அந்த வேலைக்கும் இதே படிப்புதான். மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவித்தபோது, எத்தனை ஊசி போட்ட கைகள் இவை என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளையை வேலூர்ப் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். பல்லைப் பிடித்து வயசு பார்ப்பதையும் மடியைத் தடவிப் பார்ப்பதையும் கிட்டே நின்று பார்க்கட்டும். மாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு மாட்டின் கழுத்தில் கை வைக்கட்டும். கையை எடுக்க மனசில்லாமல் நின்றால், அன்றைக்கே சான்றிதழ்களை எடுத்து வைக்கத் தொடங்கிவிடலாம்.

வணக்கம்.